மோர்ஸ் தெரியாத ஹாமும் மனப்பாடம் செய்த ஹாமும்

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலி அலையில் உரையாடும் ஹாம் வானொலிக்காரர்களிடையே தீராத வழக்குகள் இரண்டு உண்டு. எழுத்துகளைக் குறுகிய ஒலியும் நீண்ட ஒலியுமாக அனுப்பும் மோர்ஸ் தெரியாதவனை ஹாம் என்று சொல்லலாமா என்பது ஒன்று. தேர்வுக்கு முன்பே விடையோடு வெளியாகும் வினா வங்கியை உருப்போட்டு உரிமம் வாங்கியவனுக்கு என்னதான் தெரியும் என்பது மற்றொன்று. பெரும்பாலும் ஒரே ஆள்தான் இரண்டையும் எழுப்புவார். ஒரே மூச்சில் எழுப்புவார். 'எங்கள் காலத்தில்' என்று தொடங்குவார். அவர் முடிப்பதற்குள் அலையின் போக்கோ நேரமோ மாறி, அவருடைய குரலே இரைச்சலில் கரைந்துவிடுவதுண்டு. நம் அலைகளைத் தொலைவுக்குத் திருப்பி அனுப்பும் மேல்வளியான அயனமண்டலம் நமக்குச் செய்யும் சில்லறை உதவிகளில் அதுவும் ஒன்று.

இந்தக் குற்றச்சாட்டுகளை நான் வெகுகாலமாகக் கேட்டுவருகிறேன். முதலாவதை ஏற்க மாட்டேன். இரண்டாவதில் பாதியை ஏற்கிறேன். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. உருப்போட்டால் வரவே வராத திறமை ஒன்று. உருப்போட்டாலே தாண்டிவிடக்கூடிய தடை மற்றொன்று. என் நிலையையும் சொல்லிவிடுகிறேன்: உரிமத் தேர்வில் மோர்ஸ் கட்டாயம் என்ற விதி நீங்கிய பிறகு, யாரும் கேட்காமலேயே மோர்ஸ் கற்றவன் நான். தேர்வுக்காக வினா வங்கியையும் புரட்டியிருக்கிறேன். ஆகவே இரண்டு கட்சியிலும் எனக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் அது ஏன் போனது என்பது விளங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானொலி என்றாலே மோர்ஸ்தான். மின்பொறியைத் தெறிக்கவைத்து அலை உண்டாக்கிய அந்தக் கருவிகளால் செய்ய முடிந்ததெல்லாம் அலையை விட்டுவிட்டு அனுப்புவது மட்டுமே. கப்பல்கள், கரையோர நிலையங்கள், கடற்படை, மாடியில் கம்பி கட்டிய ஆர்வலர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் முண்டியடித்தார்கள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அதே ஆண்டு அமெரிக்கா கொண்டுவந்த வானொலிச் சட்டம் ஆர்வலர்களுக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கி, அவர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களுக்குத் தள்ளியது. அப்போது அது எதற்கும் உதவாத புறம்போக்காகக் கருதப்பட்டது. கண்டம் விட்டுக் கண்டம் பேச அதைவிடத் தோதான இடமில்லை என்பதைப் பின்னர் அந்த ஆர்வலர்களே உலகத்துக்குக் காட்டினார்கள். தள்ளிவிட்டவர்களுக்கு அது தெரிந்திருந்தால் தள்ளியிருக்க மாட்டார்கள்.

மோர்ஸ் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதிக்கு அந்தச் சூழலில் நல்ல காரணம் இருந்தது. கப்பல் ஒன்று ஆபத்தில் கூப்பிடுகிறது. அதன் குறுக்கே ஆர்வலர் ஒருவரின் அலை விழுகிறது. 'நிறுத்து' என்று கரையோர நிலையம் உத்தரவிடுகிறது. உத்தரவு வருவது மோர்ஸில். அது புரியாதவன் கையில் அலைபரப்பி இருப்பது ஊருக்கு ஆகாது. யாரும் மறுக்க முடியாத நியாயம் அது.

நியாயம் பழையதாகப் பழையதாக விதியும் தேய்ந்துகொண்டே வந்தது. 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு, 1000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்குபவர்களுக்கு மோர்ஸ் கட்டாயமில்லை என்றது. 1959-இல் அந்த எல்லை 144 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியது. 1979-இல் 30 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தது. கடைசியில் 2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு, மோர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே முடிவுசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகள் அதே ஆண்டில் கட்டாயத்தைக் கைவிட்டன. அமெரிக்கா 2007 பிப்ரவரி வரை இழுத்தது.

இதற்குள் கடலே மோர்ஸை விட்டுவிட்டது என்பதுதான் வேடிக்கை. பிரெஞ்சுக் கடற்படை 1997 ஜனவரி 31 அன்று தன் கடைசி மோர்ஸ் செய்தியை அனுப்பியது: 'அனைவருக்கும் அழைப்பு. நித்திய மௌனத்துக்கு முன் இது எங்கள் கடைசிக் குரல்.' 1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோளையும் தானியங்கி எச்சரிக்கைகளையும் நம்பிய புதிய கடல் பாதுகாப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மோர்ஸில் 'நிறுத்து' என்று சொல்ல ஆளில்லாத ஒரு கடலுக்காக ஹாம்கள் இன்னும் சில ஆண்டுகள் தேர்வெழுதிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் போய்விட்டது என்று தெரிந்ததும் மூத்தவர்களின் வாதம் இடம் மாறியது. மோர்ஸ் தேவை என்பதற்காக இல்லை, அது சல்லடை என்பதற்காக வேண்டும் என்றார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகுகிறவன் பொறுமைசாலி. பொறுமைசாலி அலைவரிசையில் ஒழுங்காக நடந்துகொள்வான். சோம்பேறிகளும் வாய்த்துடுக்கர்களும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஒருமுறை மட்டும் அவர்கள் சொல்லும் அந்தச் சல்லடைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு அபூர்வத் தீவிலிருந்து ஒரு குழு இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஒரு அலைவெண்ணில் அனுப்பி, ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்பார்கள். அவர்களோடு ஒருமுறையாவது பேசிவிட முண்டியடிக்கும் ஹாம் கூட்டம் அங்கேதான் கூப்பிட வேண்டும். யாரோ ஒருவர் கவனிக்காமல் அவர்கள் அனுப்பும் அலைவெண்ணிலேயே கூப்பிட்டுவிடுவார். உடனே பத்துப் பேர் அவரைத் திருத்தக் கிளம்புவார்கள்: 'மேலே, மேலே' என்று மோர்ஸில். அடுத்து வசவு, அதுவும் மோர்ஸில். அந்தக் களேபரத்தில் தீவின் குரல் யாருக்கும் கேட்காது. வசவின் எழுத்து இடைவெளிகள் அச்சடித்தாற்போல் இருக்கும். வேகம் நிமிடத்துக்கு 25 சொல்லுக்குக் குறையாது. இவர்கள் எல்லோரும் சல்லடையில் தேறியவர்கள்தான். மோர்ஸ் விரலுக்குப் பயிற்சி தரும், காதுக்குப் பயிற்சி தரும். மரியாதைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

சல்லடை தடுத்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். குறைந்த செவித்திறன் உள்ளவர்கள், மின்னணுவியலில் கரைகண்டும் காதில் தாளம் பிடிபடாதவர்கள், குடும்பத்துக்கும் வேலைக்கும் நடுவே தினமும் அரைமணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள். ஓர் ஆண்டெனாவைக் கணக்கிட்டு, வெட்டி, நிறுத்தத் தெரிந்தவரை 'டிட் டா' கேட்கத் தெரியவில்லை என்று வெளியே நிறுத்தியதால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மோர்ஸ் தேர்வு மோர்ஸுக்கே நல்லது செய்யவில்லை.

காரணம் கொஞ்சம் நுட்பமானது. மோர்ஸின் அளவுகோல் டிட் என்ற குறுகிய ஒலி. டா என்ற நீண்ட ஒலி மூன்று டிட் நீளம். எழுத்துக்குள் இடைவெளி ஒரு டிட், எழுத்துக்கிடையே மூன்று, சொல்லுக்கிடையே ஏழு. வேகத்தை அளக்க, ரோமன் எழுத்தில் ஐந்தெழுத்தான 'பாரிஸ்' என்ற சொல்லை வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்வரும் இடைவெளியும் சேர்ந்து சரியாக 50 டிட் நீளம் வரும். நிமிடத்துக்கு 20 சொல் என்றால் ஒரு டிட் 60 மில்லிசெகண்ட். 'எஸ்' மூன்று டிட், 'ஹெச்' நான்கு டிட். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 120 மில்லிசெகண்ட். அதற்குள் எண்ண முடியாது. எண்ணத் தொடங்கினாலே அடுத்த எழுத்து போய்விடும். அந்த வேகத்தில் காது எண்ணுவதில்லை. 'ஹெச்' ஒரு முழு ஒலியாக வந்து விழுகிறது, தெரிந்தவரின் குரலைப் போல.

இப்போது நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிட் 240 மில்லிசெகண்ட். ஒரே ஒரு 'ஹெச்' முடிய ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். தாராளமாக எண்ணலாம். எண்ணியதை மனத்திலுள்ள அட்டவணையில் தேடலாம், எழுத்தைக் கண்டுபிடித்து எழுதலாம், தலையையும் சொறிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் நீண்ட காலம் தொடக்க உரிமத்துக்கு 5, அடுத்த படிக்கு 13, உச்சப் படிக்கு 20 என்று வேகம் வைத்திருந்தார்கள். 2000-இல் எல்லாவற்றையும் ஒரே 5 ஆக்கினார்கள். ஏராளமானோர் புள்ளியும் கோடும் அச்சிட்ட அட்டவணையை உருப்போட்டு, எண்ணி எழுதி, தேர்வில் தேறி, மோர்ஸ் தட்டும் கீயைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பழக விரும்பியவர்களும் பத்துச் சொல் வேகத்துக்கு அருகில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அட்டவணையைத் தேடும் பழக்கம் அதற்கு மேல் ஓடாது. அதை மறந்துவிட்டு, ஒலியாக முதலிலிருந்து கற்க வேண்டும்.

ஆக, மூத்தவர்கள் மனப்பாடத்துக்கு எதிரான அரணாகக் காட்டுகிற மோர்ஸ் தேர்வே, குறைந்த வேகத்தில் அசல் மனப்பாடத் தேர்வாகத்தான் இருந்தது. இதைச் சொன்னால் கோபப்படுகிறார்கள். 20 சொல் வேகத்தில் தேறியவர்கள் கோபப்படலாம்; அவர்களை நான் வணங்குகிறேன். 5 சொல்லில் தேறிவிட்டு அடுத்தவனைக் கேலி செய்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மோர்ஸ் எப்படிப் படிகிறது என்பதை முதலில் ஆராய்ந்தவர்கள் பிரையனும் ஹார்ட்டரும். 1897-இலும் 1899-இலும் வெளியான அவர்களுடைய ஆய்வுகள் தந்தியாளர்களைப் பற்றியவை. கற்பவரின் கேட்கும் வேகம் கொஞ்ச காலம் ஏறுகிறது. பிறகு எவ்வளவு முயன்றாலும் வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் நிற்கிறது. திடீரென்று மறுபடி ஏறுகிறது. எழுத்துகளைத் தனித்தனியாகக் கேட்பவர் சொற்களை முழுதாகக் கேட்கத் தொடங்கும்போது அந்த ஏற்றம் வருகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். உளவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் இந்தக் 'கற்றல் சமவெளி' தந்தி நிலையங்களிலிருந்து பிறந்தது. அந்தச் சமவெளியில் நானும் வெகுநாள் சுற்றியிருக்கிறேன். அங்கே நிற்கும்போது ஆய்வு எதுவும் ஆறுதல் தராது.

1930-களில் லுட்விக் கோக் என்ற ஜெர்மானிய உளவியலாளர் வேறொரு வழியைச் சோதித்தார். மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டாதீர்கள். முழு வேகத்தில் இரண்டே எழுத்துகளோடு தொடங்குங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மூன்றாவது எழுத்தைச் சேருங்கள். அட்டவணை கண்ணிலேயே படக் கூடாது. இன்று இணையத்திலும் கைப்பேசியிலும் உள்ள பயிற்சிகள் பலவும் இந்த வழியில் போகின்றன. அரசு தேர்வு வைத்திருந்த காலத்தில் பெரும்பாலானோருக்கு எட்டாத நல்ல முறை, தேர்வு ஒழிந்த பிறகு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

மோர்ஸ் செத்துவிடும் என்றார்கள். ஹாம்களுக்கு ஒதுக்கிய 7 மெகாஹெர்ட்ஸ் அலைவெண் பட்டையின் கீழ்க்கோடியில் ஓர் இரவு கேட்டுப் பாருங்கள்; ஒன்றோடொன்று நெருங்கி இசைக்கும் அத்தனை தொனிகளும் விருப்பத்தின் பேரில் வந்தவர்களுடையவை. ஒருநாள் மூத்தவர் ஒருவர் அலைவரிசையில் என்னிடம் கேட்டார்:

"தம்பி, உங்கள் தேர்வில் மோர்ஸ் இருந்ததா?"

"இல்லை, ஐயா. பின்னால் கற்றுக்கொண்டேன்."

"தேர்வில் இல்லையென்றால் எதற்காகக் கற்றீர்கள்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. வாழ்நாள் முழுவதும் மோர்ஸை நேசித்தவர் அவர். ஆனாலும் கட்டாயம் இல்லாமல் ஒருவன் அதை நாடி வருவான் என்று அவருக்குத் தோன்றவில்லை. தான் நேசிக்கும் ஒன்றின் மீது அவருக்கே இவ்வளவுதான் நம்பிக்கையா என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

எதற்காகக் கற்றேன் என்ற கேள்விக்கு நேர்மையான பதில், பொறாமை. இரைச்சலில் எனக்கு ஒன்றுமே பிடிபடாத இடத்தில் வேறொருவர் பெயர், ஊர், கருவி என்று சகலமும் எழுதிக்கொண்டிருந்தார். அறிவியல் காரணமும் இருக்கிறது. குரலை, ஹாம்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சிக்கன முறையான ஒற்றைப் பக்கப் பட்டையில் அனுப்ப ஏறக்குறைய 2400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். பதினாறில் ஒரு பங்கு அகலத்தில் கேட்டால், கூடவே நுழையும் இரைச்சலும் பதினாறில் ஒரு பங்கு. வெறும் கணக்காகப் பார்த்தால் மோர்ஸில் 5 வாட், குரலில் 80 வாட்டுக்குச் சமம். விரல்விட்டு எண்ணக்கூடிய டிரான்சிஸ்டர்களை வைத்து நீங்களே ஒரு மோர்ஸ் அலைபரப்பி செய்துவிடலாம். குரலுக்கு அது நடவாது.

ஆனால் இரைச்சலின் அடியிலிருந்து எழும் ஒரே வழி மோர்ஸ்தான் என்று இன்னமும் சொல்வது பொய். 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறும் எஃப்.டி.8 என்ற முறையை வெளியிட்டார்கள். டெய்லர் 1993-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். வானில் துடிப்பலைகளை அனுப்பும் இரட்டைப் பல்சார் விண்மீனைக் கண்டவர். 15 விநாடிக்கு ஒரு முறை, 50 ஹெர்ட்ஸ் அகலத்தில், காதுக்கே எட்டாத சமிக்ஞையைக் கணினி எழுத்தாக்கிக் காட்டுகிறது. பலவீனமான சமிக்ஞைப் போட்டியில் மனிதக் காது அதனிடம் தோற்றுவிட்டது, ஒப்புக்கொள்ளலாம். அதே சமயம், எஃப்.டி.8 பரிமாறிக்கொள்வது நிலையத்தின் பெயரான அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டம், சமிக்ஞை அளவு மட்டுமே. சொந்தமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 13 எழுத்துதான் இடம். அதில் சண்டைகூடப் போட முடியாது.

மோர்ஸில் ஆள் இருக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு. இரண்டாம் உலகப் போரில் எதிரியின் செய்தியை ஒட்டுக்கேட்டவர்கள், செய்தி புரியாவிட்டாலும் அனுப்பும் கையை அடையாளம் கண்டு, அந்தப் படைப்பிரிவு எங்கே நகர்கிறது என்று பின்தொடர்ந்தார்கள். நிலையத்தின் பெயரை மாற்றலாம், அலைவெண்ணை மாற்றலாம்; டாவை ஒரு மயிரிழை அதிகம் இழுக்கும் பழக்கத்தை மாற்றுவது கடினம்.

இனி இரண்டாவது வழக்குக்கு வருவோம்.

அமெரிக்கத் தொடக்கநிலைத் தேர்வில் 35 வினாக்கள். 26 சரியானால் உரிமம். நானூறுக்கும் மேற்பட்ட வினாக்களைக் கொண்ட பொது வங்கியிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன. வினாவும் நான்கு விடைகளும், எது சரி என்பதும் அச்சிட்டே வெளியாகின்றன. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வங்கியைப் புதுப்பிக்கிறார்கள். நல்ல ஞாபகசக்தி உள்ளவர், மின்னோட்டம் என்றால் என்னவென்றே தெரியாமல், சில வாரங்களில் தேறிவிட முடியும். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

முன்பெல்லாம் அப்படியில்லை என்கிறார்கள். அரசு அதிகாரி முன் உட்கார்ந்து எழுத வேண்டும், வினாக்கள் ரகசியம், மின்சுற்றுப் படத்தைக் கையால் வரைய வேண்டும். உண்மைதான். ஆனால் 1970-களிலேயே ஒருவர் அதற்கும் வழி கண்டுபிடித்தார். தேர்வு எழுதிவிட்டு வெளியே வருபவர்களிடம் என்னென்ன கேட்டார்கள் என்று விசாரித்து, சேர்த்து, புத்தகமாகப் போட்டு விற்றார். கடும் எதிர்ப்பு, நல்ல விற்பனை. 1984 முதல் தன்னார்வத் தேர்வாளர்கள் தேர்வை நடத்தத் தொடங்கினார்கள். வினா வங்கியும் பொதுச் சொத்தானது. காசு கொடுத்தவருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கலாயிற்று என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். சுற்றுப்படத்தையும் புரியாமலே உருப்போட்டு வரையலாம். பள்ளியில் தவளையின் இதயத்தை நாம் எல்லோரும் அப்படித்தானே வரைந்தோம்.

மனப்பாடத்தின் மீது எனக்கு வெறுப்பு கிடையாது. சில செய்திகள் யோசிக்காமல் நாவில் நிற்க வேண்டும். விழுந்தால் மின்கம்பியைத் தொட்டுவிடும் தொலைவில் ஆண்டெனா கட்டாதே. வால்வு பெருக்கியை அணைத்த பிறகும் அதன் மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் நிற்கலாம். ஏன் என்பதைப் பிறகு புரிந்துகொள்ளலாம். முதலில் உயிரோடு இருக்க வேண்டும். பட்டையின் எல்லைகளும் இப்படித்தான். 20 மீட்டர் பட்டை 14.000-இல் தொடங்கி 14.350 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை, அது ஒப்பந்தம். மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அந்த எல்லையிலேயே மனப்பாடத்தின் எல்லையும் தெரிந்துவிடும். கருவியின் திரை 14.349 காட்டுகிறது. எல்லைக்குள் இருக்கிறோம் என்று மனப்பாடக்காரர் நிம்மதியாகப் பேசத் தொடங்குகிறார். இந்தப் பட்டையில் வழக்கமான மேல் பக்கப் பட்டை முறையில் குரல், திரையில் தெரியும் எண்ணிலிருந்து மேல்நோக்கி இரண்டரை, மூன்று கிலோஹெர்ட்ஸ் பரவும். அவர் பேச்சின் பெரும்பகுதி 14.350-ஐத் தாண்டி அடுத்தவர் இடத்தில் விழுகிறது. கேட்டால், வினா வங்கியில் எல்லையை மிகச் சரியாகச் சொல்லியிருப்பார்.

இன்னொன்று, நான் அடிக்கடி பார்ப்பது. புதியவர் ஒருவர் அனுப்பவும் கேட்கவும் உதவும் 100 வாட் டிரான்சீவர் வாங்குகிறார். கேட்கும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது. மைக்கில் கொஞ்சம் உரக்கப் பேசினால் கருவி அணைந்து மறுபடி எழுகிறது. கருவி கெட்டுவிட்டது என்று பதறுகிறார். அவர் மின்வழங்கியிலிருந்து கருவிக்கு இழுத்த கம்பி மெல்லியது, நீளமானது. அதன் மின்தடை ஓம் கணக்கில் 0.1. கருவி முழுத் திறனில் 20 ஆம்பியர் இழுக்கிறது. 20-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். 13.8 வோல்ட் வழியிலேயே 11.8 ஆகிவிடுகிறது, கருவிக்குத் தாங்கவில்லை. ஓம் விதியில் அவருக்கு முழு மதிப்பெண். அந்த விதியில் வரும் மின்தடை, கண்ணெதிரே கிடக்கும் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று அவர் ஓம் விதியை முதன்முறையாகக் கற்கிறார், உரிமம் வாங்கிச் சில மாதங்கள் கழித்து.

அது கேவலமா? இல்லை என்பேன். சர்வதேச வானொலி விதிமுறைகள் ஹாம் சேவைக்குத் தரும் வரையறை, அதன் நோக்கங்களை அடுக்கும்போது முதலில் சொல்வது 'தன் பயிற்சி'. அதன் பிறகுதான் பரஸ்பரத் தொடர்பும் தொழில்நுட்ப ஆய்வும் வருகின்றன. பயில்வதற்கென்றே ஏற்பட்ட இடத்தின் வாசலில் நின்று, பயின்று முடித்தவன் மட்டும் உள்ளே வா என்பது என்ன முறை?

அதற்காகத் தேர்வே வேண்டாம் என்பவர்களோடும் நான் சேர மாட்டேன். வேறு எந்த வானொலிப் பயனருக்கும் இல்லாத சலுகை ஹாமுக்கு உண்டு: தன் கையால் செய்த அலைபரப்பியை, யாரிடமும் சோதனைச் சான்று வாங்காமல், காற்றில் ஏற்றலாம். தவறாகச் செய்த அலைபரப்பி, கேட்ட அலைவெண்ணோடு அதன் இரண்டு மடங்கிலும் மூன்று மடங்கிலும் சேர்த்தே ஒலிக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் 14-இலும் 21-இலும் நம்மவர்கள் காதில்தான் விழும்; திட்டோடு போய்விடும். 10.1 மெகாஹெர்ட்ஸின் இரண்டு மடங்கு 20.2. அங்கே ஹாம்கள் கிடையாது. யார் வேலையைக் கெடுக்கிறோம் என்பதே தெரியாது. இவ்வளவு பெரிய சலுகையைக் கொடுப்பவர்கள் நாலு கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

எந்த நாலு கேள்வி என்பதில்தான் எனக்குக் குறை. எண் கணக்குகளில் எண்ணையாவது மாற்றலாம். வங்கியில் ஒரு வினாவின் விடை '6 வோல்ட்' என்றால் அது என்றென்றும் '6 வோல்ட்' ஆகவே இருக்கிறது. கணக்கு ஒரு சொல்லாகிவிடுகிறது. செய்முறைக்கும் கொஞ்சம் இடம் தரலாம். பிரிட்டனில் 2002-இல் வந்த தொடக்கநிலை உரிமத்தில் செய்முறைப் பகுதி இருந்தது. சில காலம் அதில் மோர்ஸும் இருந்தது, அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சம் கேட்டு, கொஞ்சம் அனுப்பினால் போதும் என்ற அளவில். தேர்வு என்பதைவிட அறிமுகம் என்று சொல்லலாம். விரும்பியவர் தொடரட்டும், மற்றவர் வணக்கம் சொல்லி விலகட்டும். அதைக் கேலி செய்த மூத்தவர்கள் உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

எந்தத் தேர்வும் அளக்காத ஒன்று, கேட்பது. அலைவெண் காலியா என்று ஒரு நிமிடம் கேட்பது, ஒருவர் முடிக்கும் வரை காத்திருப்பது, கூட்டத்தில் தீவுக்காரர் எங்கே செவிசாய்க்கிறார் என்று கண்டுபிடிப்பது. மோர்ஸ் பழகுகிறவர் ஆயிரம் முறை கேட்டால்தான் ஒரு முறை சரியாக அனுப்ப முடியும். அந்த அளவில் அது கேட்பவரை உருவாக்கும் வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. மேலே சொன்ன வசவுக்காரர்களை மறந்துவிடாதீர்கள்.

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவருக்கு நான் சொல்வது இதுதான். எல்லைகள், தடைகள், ஆபத்துகள் எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் உருப்போடுங்கள். கணக்கு வரும் வினாக்களில் விடையை மூடிவிட்டு, எண்ணை மாற்றி, நீங்களே போட்டுப் பாருங்கள். அரை அலை ஆண்டெனாவின் நீளம் மீட்டரில் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கிடைக்கும் என்று படித்தால், 7.1-க்கு ஏறக்குறைய 20 மீட்டர் கம்பியைக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிக் கட்டிப் பாருங்கள். உயரமும் சுற்றியுள்ள சுவர்களும் அந்தச் சூத்திரத்தை எவ்வளவு மதிக்கின்றன என்பது தெரியும். உரிமம் வந்த அன்று யாராவது 'மனப்பாட ஹாம்' என்றால், ஆமாம் என்று சொல்லிவிட்டு அவரிடமே ஒரு சந்தேகம் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ந்து சொல்லிக்கொடுப்பார். அந்த முணுமுணுப்புக்கு அடியில் யாரும் தன்னிடம் கேட்பதில்லை என்ற ஏக்கம் கொஞ்சம் இருக்கிறது.

மோர்ஸ் வேண்டுமென்றால், புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையை முதலில் கண்ணிலிருந்து அகற்றுங்கள். எழுத்துகளை 20 சொல் வேகத்திலேயே கேளுங்கள். இடைவெளியை மட்டும் வேண்டிய அளவு நீட்டிக்கொள்ளலாம். தினமும் கொஞ்சம். சமவெளி வந்தால் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தொடர்புக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பயிற்சி பெற்ற விரல், காதைவிட எப்போதும் வேகமாக ஓடும். 20 சொல் வேகத்தில் அழைத்தால் 20 சொல் வேகத்தில்தான் பதில் வரும். அப்போது முழிக்க வேண்டியிருக்கும். 12-இல் அழையுங்கள். எதிரில் இருப்பவர் 35 சொல் வேகம் போகக்கூடியவராக இருந்தாலும் உங்களுக்காக 12-க்கு இறங்கி வருவார். இறங்காதவர் வந்தால், மெதுவாக அனுப்பும்படி கேட்க க்யூ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்து இருக்கிறது, தயங்காமல் அனுப்புங்கள்.